பதில் கிளாஸ்

தான் குடிகாரன் இல்லை என்பதில் அய்யாவுக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. குடிகாரன் என்றால் தனக்காகக் குடிப்பவன். அய்யாவு குடித்ததெல்லாம் கேப்டன் சிவநேசனுக்காக. மூன்று வருடமாக, ஒரு விருந்து விடாமல், கேப்டனுக்கு வந்த கிளாஸையெல்லாம் வாங்கி வாங்கித் தன் வாயில் ஊற்றிக்கொண்டவர் அவர். அதில் தனக்கென்று ஒரு சொட்டுகூட இல்லை என்று கோயிலில் நிறுத்திக் கேட்டாலும் சத்தியம் செய்வார். சத்தியம் செய்யும்போது கொஞ்சம் வாடை வரும், அது வேறு விஷயம்.

சிவநேசன் யார் என்று கிள்ளான் பட்டணத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய எந்தத் தமிழரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஹாக்கி கோல்கீப்பர், அணித் தலைவர். எண்பத்தேழாம் வருடம் மாநில அணிகளின் கிண்ண இறுதி ஆட்டம் சமமாக முடிந்து பெனால்டிக்குப் போனபோது, எதிரணி அடித்த ஐந்தில் மூன்றைத் தடுத்தவர். மூன்றாவது பந்து முகவாயில் பட்டு ஏழு தையல் போட்டார்கள். அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் மனைவி லோகேஸ்வரியோடு இருக்கிறார்.

அதே அணியில் இரண்டாவது கோல்கீப்பர் ஒருவர் இருந்தார். ஒன்பது வருடம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும், இரண்டு கால்களிலும் கனத்த காப்புகளைக் கட்டிக்கொண்டு வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அந்த ஒன்பது வருடத்தில் அவர் திடலுக்குள் இறங்கியது ஒரே ஒரு தடவை. சிவநேசனின் கட்டைவிரல் பிசகிய அன்று, பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடமும் ஆட்டம் எதிர்ப்பக்கத்திலேயே நடந்தது, பந்து இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்தான் அய்யாவு. அதற்குப் பிறகு மின்சார வாரியக் கிடங்கில் முப்பது வருடம் வேலை பார்த்தார், கல்யாணம் செய்தார், மகள் மாதவியைக் காப்பாரில் கட்டிக் கொடுத்தார். ஆனால் அந்தப் பதினோரு நிமிடம் மட்டும் அவருக்குள் முடியாமலே கிடந்தது.

இந்த ஊரில் ஜெயித்துக் கொடுத்த ஆட்டக்காரனைக் கண்டால் கையில் ஒரு கிளாஸைக் கொடுப்பதுதான் மரியாதை. கல்யாண மண்டபத்துக்குள்ளே சைவச் சாப்பாடு நடக்கும். வெளியே கார் நிறுத்துமிடத்தில் நாலைந்து கார்களின் பின்கதவு திறந்திருக்கும், உள்ளே ஐஸ் பெட்டி இருக்கும், சுற்றி ஆம்பளைகள் நிற்பார்கள். சிவநேசன் காரைவிட்டு இறங்கினால் போதும். ஒருவர் விஸ்கியோடு வருவார், ஒருவர் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீரோடு வருவார். மறுத்தால் தலைக்கனம் பிடித்தவன் என்பார்கள். வாங்கினால் அடுத்தவர் வருவார். ஆட்டத்தை விட்ட பிறகு முப்பது வருடமாக அவர் சொந்தக் காசில் ஒரு கிளாஸ் குடித்திருப்பாரா என்பது சந்தேகம்தான். இந்த ஜனங்கள் அவரைக் கொன்று தள்ளும் அளவுக்கு அன்பு வைத்திருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் சிவநேசன் ரத்தமாக வாந்தி எடுத்தார். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஈரல் போய்விட்டது, இனி ஒரு கிளாஸ் தொட்டாலும் எங்களிடம் வராதீர்கள் என்று டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார். வீடு திரும்பிய இரண்டாவது மாதம் கிள்ளானில் பழைய ஆட்டக்காரர்களின் விருந்து. காப்பாரிலிருந்து வந்த ஒரு பெரியவர், தள்ளாத காலோடு மேசைக்கு வந்து, நுரை பொங்கும் கிளாஸை நீட்டி, "கேப்டன், என் கையால ஒண்ணு, செத்தாலும் பரவால்ல" என்றார். யார் செத்தாலும் என்று அவர் சொல்லவில்லை. சிவநேசன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கை மேசையைவிட்டு மெல்ல எழுந்ததை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அய்யாவு பார்த்தார்.

அந்தக் கூட்டத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. விரதமோ மருந்தோ இருந்து ஒருவர் குடிக்க முடியாமல் போனால், அதே மேசையில் இன்னொருவர் அவருக்குப் பதிலாக வாங்கிக் குடிக்கலாம். பதில் கிளாஸ் என்பார்கள். கொடுத்தவருக்கு அவமானமில்லை, வாங்காதவருக்குப் பாவமில்லை. கிளாஸ் நிறைந்தபடியே திரும்பிப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

அய்யாவு எழுந்தார். "கேப்டனுக்கு மருந்து ஓடுது. பதில் நான் எடுக்கறேன்" என்று கிளாஸை வாங்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கவிழ்த்துக் காட்டினார். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. பெரியவர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அறுபது வருட வாழ்க்கையில் அய்யாவுக்காக ஒரு கூட்டம் கை தட்டியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு ஒன்பது கிளாஸ் தடுத்தார். தடுத்தார் என்றுதான் அவர் சொல்வார்.

அதிலிருந்து சிவநேசனுக்கு அழைப்பு வந்தால் அய்யாவுக்கும் வந்தது. பள்ளிக்கூடப் பழைய மாணவர் விருந்து, டத்தோ பட்டம் வாங்கிய ஒருவரின் பிறந்தநாள், கார் பட்டறைத் திறப்பு, கோயில் விளையாட்டு விழா. எல்லாவற்றிலும் முதல் மேசை. கேப்டனுக்கு இடப்பக்க நாற்காலி. பத்திரிகையில் படம் வந்தால் ஓரத்தில் இவர் தோளும் ஒரு கிளாஸும் தெரியும். "அண்ணே, நீங்க இல்லன்னா எனக்குத் தாலி இல்ல" என்று லோகேஸ்வரி போனில் அழுதிருக்கிறார். அதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்.

விருந்து இல்லாத நாட்களில் வீட்டில் கொஞ்சம் எடுப்பார். அதற்கும் காரணம் வைத்திருந்தார். பயிற்சி இல்லாமல் திடீரென்று ஒன்பது கிளாஸ் தாங்க உடம்பு என்ன இரும்பா? ஆட்டம் இல்லாத நாளிலும் கோல்கீப்பர் பயிற்சிக்குப் போகவில்லையா? இதை அவர் மனைவி தங்கமணியிடம் விளக்கிச் சொல்லியும் இருக்கிறார். கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகப் பெட்டி கட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் தங்கமணி, எதையும் இரண்டு தடவை சொல்லாதவள். அதைக் கேட்டுவிட்டு எழுந்துபோய்த் துணி காயப்போட்டாள்.

போன மாதம் ஒருநாள் விடியற்காலை ஆறு மணிக்குத் தங்கமணிக்கு மூச்சுத் திணறல் வந்தது. உட்கார்ந்தபடியே கணவரை உலுக்கினாள். அய்யாவு கண்ணைத் திறந்தார், எழுந்தார், கார் சாவியையும் எடுத்தார். கதவு வரைக்கும் போய்ச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் கேப்டனுக்காகப் பதினொன்று எடுத்திருந்தார். கடைசியில் பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரன்தான் தன் லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்து ஒரு வாரம் அவள் அதைப்பற்றிப் பேசவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மாதவி வீட்ல பின்னால ரூம் காலியாத்தான் இருக்கு. வர்ற ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு அவ காரெடுத்துட்டு வரா. அன்னிக்கு நீங்க வாடையோட வந்தீங்கன்னா நான் அவ கூட காப்பாருக்குப் போயிருவேன். சண்ட போடமாட்டேன். போயிருவேன்."

அய்யாவு சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார். "என்ன தங்கம் இது. நானா குடிக்கறேன்? நான் என்ன குடிகாரனா? அந்த மனுஷன் உசுரு…"

"தெரியும். அவருக்காகத்தான் குடிக்கறீங்க."

"ஆமா."

"அப்ப நிறுத்தறது சுலபம்தானே. உங்களுக்கு அது வேண்டியதில்லையே. அவர்கிட்ட முடியலன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு."

சுலபம்தான் என்று அவருக்கும் பட்டது. அன்றைக்கே நிறுத்தினார்.

புதன்கிழமை கை நடுங்கியது. சுகராக இருக்கும் என்றார். வியாழக்கிழமை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் சட்டை நனைந்தது. காப்பிக் கோப்பையை எடுத்தால் பாதி கீழே சிந்தியது. தங்கமணி அடுத்த வேளையிலிருந்து பாதிக் கோப்பை மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். அதைப் பார்த்து அய்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவளை எங்கேயும் விடக்கூடாது என்று நினைத்தார். முப்பத்திரண்டு வருடமாகப் பக்கத்திலேயே இருந்த ஒருத்தி வீட்டில் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

ஆனால் இன்னொரு பயமும் கூடவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸில் கேப்டனுக்குப் பாராட்டு விருந்து. இளையோர் போட்டிக்கான கிண்ணம் ஒன்றுக்கு அவர் பேரை வைக்கிறார்கள். முந்நூறு பேர் வருவார்கள், முந்நூறு பேர் கையிலும் கிளாஸ் இருக்கும். தான் ஒதுங்கிக்கொண்டால் கேப்டன் கை மேசையைவிட்டு எழும். எழுந்தால் லோகேஸ்வரி தாலி அறும். இங்கே தன் வீடு உடையும், அங்கே அந்த வீடு உடையும். நேரில் போய்ச் சொல்லி, விருந்தையே தள்ளிவைக்கச் சொல்லலாம் என்று வெள்ளிக்கிழமை காலையில் கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் ஏறினார்.

சிவநேசன் சோபாவில் உட்கார்ந்து பழைய ஆட்டம் ஒன்றைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் தேறியிருந்தார். கன்னத்தில் சதை வந்திருந்தது, கண்ணின் மஞ்சள் போயிருந்தது.

"வா அய்யாவு. என்னா இப்படி இளைச்சுட்டே?"

"சுகர் கேப்டன்."

"உடம்பப் பாத்துக்க லா. நமக்கெல்லாம் வயசாச்சு."

அய்யாவு மூன்று தடவை பேச்சை எடுத்தார். மூன்று தடவையும் அது வேறு எங்கேயோ போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வரணும் என்று கேட்டார். சட்டை என்ன நிறம் என்று கேட்டார். கிளம்பும்போது லோகேஸ்வரி வழக்கம்போல ஒரு அரிசிப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். கேப்டனுக்கு அன்பளிப்பாக வரும் பாட்டில்களை அவர் கண்ணில் படாமல் துணி அலமாரியில் சேர்த்துவைத்து, அய்யாவு வரும்போது கொடுத்தனுப்புவது மூன்று வருடப் பழக்கம். "மூணு இருக்குண்ணே. வீட்ல வச்சிருக்கவே பயமாருக்கு" என்றார். மறுக்க அய்யாவுக்கு வாய் வரவில்லை. மின்தூக்கியில் இறங்கி, கீழே காவலுக்கு நின்ற நேபாளக்காரர் கையில் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சாமர்த்தியம்தான், இதைத் தங்கமணி பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பை இருந்தது. ஜிப் இழுத்து மூடியிருந்தது. அய்யாவு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதைத் தாண்டிப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"அஞ்சு நாளாச்சு பாத்தியா" என்றார்.

"பாத்தேன்" என்றாள் தங்கமணி. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். "சாப்பிட்டுட்டு நேரா வாங்க."

மண்டபத்தில் குளிர்சாதனம் பலமாக ஓடியது. மேடையில் சிவநேசன் முகவாயில் கட்டோடு நிற்கும் எண்பத்தேழாம் வருடப் படம் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. ஒவ்வொரு மேசையிலும் நடுவில் ஒரு விஸ்கி பாட்டில், ஐஸ் வாளி, குடிக்காதவர்களுக்கு ஒரு ஜாடி சிராப் சர்பத். ஆட்டுக்கறியின் வாசனையையும் மீறி அய்யாவு மூக்குக்கு அந்த மற்ற வாசனைதான் வந்தது. கேப்டனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மேசைக்கடியில் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

பேச்சுகள் முடிந்தன. பரிசு கொடுத்தார்கள். சாப்பாடு தொடங்கியது. முதல் ஆள் வந்தான். முப்பது வயது இருக்கும், பேர் பிரவின் என்றான்.

"அங்கிள், எங்கப்பா சாகற வரைக்கும் உங்க மேட்சத்தான் சொல்லிட்டிருந்தாரு. அவருக்காக ஒண்ணு" என்று கிளாஸை நீட்டினான். பொன்னிறமாக, ஐஸ் மிதந்துகொண்டிருந்தது.

மேசையில் இருந்த எல்லோரும் அய்யாவுவைப் பார்த்தார்கள். வழக்கம் அப்படி. அதைப் பார்த்துப் பிரவினும் கிளாஸை லேசாக இவர் பக்கம் திருப்பினான். விருந்து ஏற்பாட்டாளர் செல்வகுமார் சிரித்தபடி, "நம்ம ரிசர்வ் இருக்காரு, பயமில்ல" என்றார்.

அய்யாவு கைகளை மேசைக்கடியிலேயே வைத்திருந்தார். "இன்னிக்கு என்னால முடியாது" என்றார். குரல் தனக்கே கேட்கவில்லை என்று தோன்றியதால் இன்னொரு தடவை சொன்னார். "என்னால முடியாது, மன்னிச்சிருங்க."

சிரிப்பு நின்றது. அய்யாவு கேப்டனின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எழுந்தால் எப்படியாவது பிடித்துவிட வேண்டும். வேண்டுமானால் கிளாஸைத் தட்டிவிட வேண்டும். அந்தக் கை எழுந்தது. எழுந்து, பிரவினின் முதுகைத் தட்டியது.

"நான் குடிக்கறதில்லப்பா" என்றார் சிவநேசன். "விட்டு மூணு வருஷமாச்சு. சிராப் ஊத்து, உங்கப்பாவுக்காகக் குடிக்கறேன்."

"ஐயோ சாரி அங்கிள், தெரியாது லா" என்றான் பிரவின். விஸ்கி கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, ஜாடியிலிருந்து இரண்டு கிளாஸ் சிராப் ஊற்றினான். இரண்டு பேரும் கிளாஸைத் தட்டிக்கொண்டு குடித்தார்கள். பிரவின் ஒரு படம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனான்.

அடுத்து ஒருவர் வந்தார். சிவநேசன் அதையே சொன்னார். "நல்லது கேப்டன், எங்கண்ணனும் விட்டுட்டாரு" என்று அவரும் சிராப் குடித்தார். மூன்றாமவர் வரும்போதே கையில் சிராப்போடு வந்தார். கால் மணி நேரத்தில் சிராப் ஜாடி காலியாகி இன்னொன்று கொண்டுவந்தார்கள். ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. தலைக்கனம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்று வருடமாக அய்யாவு உயிரைக் கொடுத்துக் காத்துவந்த கோலுக்கு நேராக ஒரு பந்துகூட வரவில்லை.

அய்யாவுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. கேப்டனுக்கு ஒன்றும் ஆகாது, தங்கமணி எங்கேயும் போகமாட்டாள், இரண்டு வீடும் தப்பித்தது. சோற்றில் கறியைப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயை எடுக்காமல் கையைத் தட்டிலேயே வைத்தார்.

"கேப்டன்" என்றார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. மூணு வருஷத்துக்கு முன்னாடியே."

சிவநேசன் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு இவரைப் பார்த்தார். "அந்த மொத விருந்துலயே சொல்லத்தான் கையத் தூக்கினேன். வேண்டாம் பெரியவரேன்னு சொல்ல. அதுக்குள்ள நீ முந்திக்கிட்டே."

"அதுக்கப்புறமாவது…"

"அதுக்கப்புறம்…" சிவநேசன் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "உனக்குக் கை தட்டினாங்க அய்யாவு. உன் மொகத்த நான் பாத்தேன் லா. ஒம்பது வருஷம் உன்ன பெஞ்சுல உக்கார வச்சவன் நான். ஒரு நாளாவது காலு வலிக்குதுன்னு வெளிய வந்து உனக்கு எடம் விட்டேனா? இல்ல. சரி, இதாவது உனக்கு இருக்கட்டும்னு விட்டுட்டேன். உனக்குப் புடிச்சிருக்குன்னுதான் நெனச்சேன். அப்படித்தானே?"

அவர் கேட்டதில் கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். அய்யாவு பதில் சொல்வதற்குள் செல்வகுமார் மைக்கில் எல்லோரையும் படம் எடுக்க மேடைக்குக் கூப்பிட்டார். சிவநேசன் எழுந்து, அய்யாவுவின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார். அவரைச் சுற்றிக் கூட்டமும் போனது.

மேசையில் அய்யாவு மட்டும் இருந்தார். எதிரே பிரவின் வைத்துவிட்டுப் போன கிளாஸ் இருந்தது. ஐஸ் கரைந்து, வெளியே நீர் வழிந்து, மேசைவிரிப்பில் வட்டமாக ஈரம் பரவியிருந்தது. சுவரில் மணி இரண்டு நாற்பது. இப்போது எழுந்து நடந்தால் மூன்று மணி ரயிலைப் பிடித்துவிடலாம். நாலரைக்குள் வீட்டில் இருக்கலாம்.

அவர் எழவில்லை. மேடையைப் பார்த்தார். கேப்டன் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி யாராவது கிளாஸோடு நிற்கிறார்களா, யாராவது அவரை வற்புறுத்துகிறார்களா என்று ஒவ்வொரு முகமாகத் தேடினார். யாரும் இல்லை. ஒரே ஒருவர், ஒரே ஒரு கிழவராவது இருந்திருந்தால் போதும். அய்யாவு ஓடிப்போய் வாங்கியிருப்பார். அது தங்கமணி விஷயத்தில் தப்பாகியிருக்கும், ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். அந்த மண்டபத்தில் இருந்த முந்நூறு பேரில் ஒருவருக்காகவும் அவர் குடிக்க வேண்டிய தேவை இல்லை.

மேசையைத் துடைக்க ஒரு பெண் வந்தாள். தட்டுகளை அடுக்கிவிட்டு அந்தக் கிளாஸை எடுக்கக் கை நீட்டினாள். "இது யாரோடது அங்கிள்? கொட்டிறவா?"

"இல்லம்மா" என்றார் அய்யாவு. "என்னோடது."

அதை எடுத்துக் குடித்தார். பிறகு பாட்டிலை இழுத்து, நடுங்கும் கையால் தானே ஊற்றிக்கொண்டார். இரண்டாவது கிளாஸ் உள்ளே போனதும் கை நடுக்கம் நின்றது. அது நின்ற வேகத்தைப் பார்த்து அவரே பயந்துபோனார். மூன்றாவதையும் குடித்தார். யாரும் கை தட்டவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை.

கிள்ளானில் இறங்கி வீட்டு முனைக்கு வரும்போது மணி ஐந்து பத்து. மாதவியின் கார் வாசலில் நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தங்கமணி கேட்டுக்கு உள்ளே நின்றாள், பை கீழே இருந்தது. ரயிலில் வரும் வழியெல்லாம் என்ன சொல்லலாம் என்று அய்யாவு யோசித்துக்கொண்டே வந்திருந்தார். கேப்டனை விடமாட்டேன் என்றார்கள், உயிர் போகிற நிலைமை, கடைசித் தடவை. மூன்று வருடம் சொல்லிப் பழகியது, நாக்கு நுனியில்தான் இருந்தது.

அவள் முகத்துக்கு எதிரே வந்து நின்றதும் அது வெளியே வரவில்லை.

"கேப்டன் குடிக்கல தங்கம்" என்றார். "யாரும் அவரக் குடிக்கச் சொல்லவும் இல்ல. என்னையும் சொல்லல. நானேதான் குடிச்சேன். எனக்கு வேணும்னு இருந்துச்சு."

தங்கமணி அவரைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. மூன்று வருடத்தில் இதுதான் அவர் சொல்லிக் கேட்ட முதல் உண்மை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. குனிந்து பையை எடுத்தாள். காரின் பின்கதவைத் திறந்து உள்ளே வைத்தாள். முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

மாதவி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பாவைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. கார் நகர்வதற்கு முன்னால் தங்கமணி கண்ணாடியை இறக்கினாள்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரி. குடிய விடறவங்களுக்குன்னு தனியா ஒரு டாக்டர் இருக்காராம், மாதவி விசாரிச்சு வச்சிருக்கா. அங்க வாசல்ல நான் நிப்பேன்."

"நீயும் உள்ள வருவியா?"

"வாசல் வரைக்கும் வரேன்" என்றாள். "உள்ள போயி நீங்கதான் பேர் குடுக்கணும். உங்களுக்குப் பதிலா என்னால போக முடியாது."

கண்ணாடி ஏறியது. கார் முனையில் திரும்பிக் காப்பார் சாலைப் பக்கம் போனது. அய்யாவு கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனார். சமையலறை மேசையில் ஒரு கோப்பை காப்பி மூடி வைத்திருந்தது. மூடியைத் திறந்து பார்த்தார். பாதிதான் ஊற்றியிருந்தாள்.